முகப்புப் பக்கத்துத் திகதி

என் கணவர் கணித ஆசிரியர். நான் அரச அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத் தட்டச்சாளர். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கணினி. எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி அதன் முன்னால்தான் நடந்தது. மீதிப் பாதியை நடத்தக் குசினி இருந்தது.

தட்டச்சை நான் ஏனோதானோவென்று படித்தவள் அல்ல. திருகோணமலை நகரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில், இரும்பு இயந்திரங்கள் வரிசையாக இரைந்துகொண்டிருக்கும் வகுப்பில் படித்தேன். ஒரு தலைப்பைத் தாளின் நடுவில் கொண்டுவர வேண்டுமானால், தாளைத் தாங்கி நகரும் வண்டியை நடுப்புள்ளியில் நிறுத்தி, தலைப்பின் எழுத்துகளை இரண்டிரண்டாக வாய்க்குள் சொல்லி, இரண்டு எழுத்துக்கு ஒரு தடவை பின்தள்ளும் விசையை அழுத்த வேண்டும். சொல்லி முடிக்கும்போது வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே அடிக்கத் தொடங்கினால் தலைப்பு இம்மியும் பிசகாமல் நடுவில் வந்து விழும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது பலர் பயந்தார்கள். எனக்குப் பயமில்லை. அடித்தது அடித்தபடி கண்முன்னால் தெரிந்தது. தாளுக்குப் பதில் திரை, அவ்வளவுதான்.

அவர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாக ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். ஆய்வின் பொருள் எங்கள் துறைமுகத்துத் தண்ணீர். ஒரு பாத்திரத்துத் தண்ணீரைத் தட்டிவிட்டால் அது இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் ஆடிவிட்டுத்தான் அடங்கும். மலைகள் மூடிய ஒரு துறைமுகத்துக்குள் கடல் அப்படி எப்படி ஆடும், எவ்வளவு நேரம் ஆடும் என்று சமன்பாடு எழுதுவதுதான் அவருடைய வேலை. நாங்கள் இருந்தது அன்புவழிபுரத்தில். சைக்கிளில் ஏறினால் சற்று நேரத்தில் துறைமுகம். ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு அளவுகோலை நட அவருக்கு வழியில்லை. கரை முழுவதும் வேலியும் காவலரணும். அளவுகோலோடு போய் அங்கே நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சமன்பாடு தேவையில்லை. ஆகவே நான் உடுப்புத் தோய்க்கும் பெரிய தகரத் தொட்டிக்குள் சீமெந்தால் ஒரு சின்னத் துறைமுகம் கட்டினார். அதில் தண்ணீர் விட்டு, ஒரு பலகைத் துண்டால் தட்டி, குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். என் தொட்டி போனது போனதுதான்.

சமன்பாடுகளை அடிக்க என்னிடம்தான் வருவார் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கணித ஆய்வுகளை லேட்டெக் என்ற முறையில்தான் கோக்க வேண்டும் என்று அவருடைய மேற்பார்வையாளர் ஒரு இறுவட்டைக் கொடுத்து விட்டிருந்தார். அதைக் கணினியில் ஏற்றிய பின்னேரம் நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். திரையில் பக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே அளவில் வெறும் எழுத்து, அவற்றுக்கிடையில் பின்பக்கம் சாய்ந்த கோடுகள், நெளிந்த அடைப்புக்குறிகள்.

"இதென்னப்பா, எல்லாம் சிந்திக் கிடக்கு?" என்று கேட்டேன்.

"சிந்தேல்லை. இது மூலம். இதை அது வாசிச்சுப்போட்டுப் பக்கமா அடுக்கித் தரும். நீர் இதுதான் தலைப்பு எண்டு மட்டும் சொன்னாக் காணும். எவ்வளவு பெருசா, எங்க வைக்கிறது எண்டதெல்லாம் அது பாத்துக்கொள்ளும்."

"அப்ப நான் என்னத்துக்கு?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் அவர் கிணற்றடியில் நின்றபோது, அவருடைய முதலாம் அத்தியாயத்தின் தலைப்பை நானே நடுவில் வைத்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். எழுத்துகளை இரண்டிரண்டாக எண்ணி, கணக்குப் பார்த்து, தலைப்புக்கு முன்னால் வேண்டிய அளவு வெற்றிடம் விட்டு அடித்தேன். மூலத்தைப் பக்கமாக்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் தலைப்பு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னும் வெற்றிடம் சேர்த்தேன். அசையவில்லை. வரிகளுக்கிடையில் நான் விட்ட வெற்று வரிகளையும் அது விழுங்கியிருந்தது. அவர் ஈரத் தலையோடு வந்து பார்த்துவிட்டு, "அதுக்கு இடைவெளி ஒண்டும் ஒண்டுதான், இருபதும் ஒண்டுதான். நீர் தூரத்தைச் சொல்லக் கூடாது, இது என்ன எண்டு சொல்லோணும்" என்றார். வேலைநாள் முழுவதும் தூரம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவளிடம் சொல்லக்கூடிய கதையா இது? எழும்பிப் போய்விட்டேன். அவர் இருந்த காலம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்கள் ஊரில் எதையும் முந்திச் செய்து வைப்பது வழக்கமாகியிருந்தது. பாதை எப்போது பூட்டும், ஊரடங்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதக் கலியாணத்துக்குக் கூறைச் சேலையை இந்த மாதமே எடுத்து வைப்பார்கள். ஆசிரியர்கள் தவணை முடியும் முன்பே புள்ளிகளைப் போட்டுக் கையெழுத்திட்டு அதிபரிடம் கொடுத்துவிடுவார்கள். என் கணவரும் அப்படித்தான். ஆய்வுப் புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்கள் இன்னும் பென்சிலில் கிடக்கும்போதே, முன்பக்கத்து உறுதிமொழியை அச்சிட்டு வந்து கையெழுத்து வைத்தார். இந்த ஆய்வு என் சொந்த உழைப்பு, வேறெங்கும் பட்டத்துக்குக் கொடுக்கப்படவில்லை என்று சொல்லும் ஒரு பக்கம். அடியில் பெயர், கையெழுத்துக்குக் கோடு, அச்சில் திகதி.

"புத்தகம் முடிய முதல் கையெழுத்தோ?" என்றேன்.

"பாதை பூட்டினாப் பிறகு நான் அங்க போக ஏலாது. கையெழுத்து மேற்பார்வையாளர் சேரிட்ட இருந்தா மிச்சத்தை எப்பிடியும் அனுப்பலாம்தானே."

மூன்று பிரதிகளில் ஒப்பமிட்டு, கண்டிப் பக்கம் போன ஒரு சக ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார். யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

சில கிழமைகள் கழித்து ஒரு காலை அவர் பாடசாலைக்கென்று சைக்கிளில் போனார். பாடசாலைக்குப் போய்ச் சேரவில்லை. மத்தியானம் தெருமுனைக் கடைக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். வாகனம் ஒன்று நின்றதாகவும், ஏற்றிக்கொண்டு போனதாகவும் சொன்னார். யார், எங்கே, ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு ஒருவரோடும் பகை இருக்கவில்லை. அவர் பகைத்தது என் தொட்டியை மட்டும்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவருடைய தாயாரும். மாமி வெருகலில் இருந்து ஒரு இடப்பெயர்வில் வந்தவர், பிறகு எங்களோடேயே தங்கிவிட்டார். பொலிஸ், இராணுவ முகாம், மாவட்டச் செயலகமான கச்சேரி, மனித உரிமைக் கந்தோர் என்று இருவரும் ஏறாத படியில்லை. நான் அழுதுகொண்டு போவேன். மாமி அழமாட்டார். மகனின் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துப் போய், மேசையில் வைத்து, "இவர்தான் என்ர மகன், எப்ப விடுவியள்?" என்று கேட்பார். எங்கோ வைத்திருக்கிறார்கள், விடும் நாள் மட்டும்தான் தெரியவேண்டும் என்பது அவருடைய எண்ணம். வீட்டில் அவர் கதைக்கும்போது பாதி வசனங்கள் "அவன் வந்தாப் பிறகு" என்றுதான் தொடங்கும். கிணற்றடியில் இடம் இல்லை, அந்தச் சீமெந்துத் தொட்டியை உடைத்துப் போடுவோம் என்று ஒருமுறை சொன்னேன். "அவன் வந்து கேட்டா நீதான் மறுமொழி சொல்லோணும்" என்றார். தொட்டி அங்கேயே கிடந்தது.

எனக்கு அந்த நம்பிக்கை சில மாதங்களில் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன், கோப்பையைக் கீழே வைத்தபோது அது இல்லை. அதை மாமியிடம் சொல்லவில்லை. வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் அவ்வப்போது தொலைபேசி எடுப்பார். ஒரு தடவை அவர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். பல்கலைக்கழகப் பதிவு அடுத்த வருட முடிவோடு காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு இவ்வளவு கால வேலையும் கணக்கில் வராது. நாலு அத்தியாயங்கள் கணினியில் இருக்கின்றன. ஐந்தும் ஆறும் எழுதி முடிந்தவைதான், பென்சிலில் இருக்கின்றன. "அதை ஆரையும் பிடிச்சு அடிப்பிச்சுத் தந்தியள் எண்டா, கணக்கை நான் சரிபாத்துப் போடுவன், தங்கச்சி" என்றார்.

ஆரையும் பிடித்து என்ற சொல்தான் என்னைச் சுட்டது. அலுமாரிக்குள் அவருடைய பென்சில் தாள்கள். மேசையில் அவருடைய கணினி. வீட்டில் நான், ஒரு தட்டச்சாளர். இதற்கு நான் யாரைப் பிடிப்பது? அவருக்குப் பட்டம் கிடைக்க வேண்டும், அவர் பெயர் அந்த நூலகத்தில் இருக்க வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவெடுத்தேன். அவருக்காக இனி நான் செய்யக்கூடியதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சனி ஞாயிறுகளில் பகல் முழுவதும் உட்கார்ந்தேன். தொடங்குவோருக்கான கைநூல் ஒன்றைப் பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டு வைத்திருந்தார். அதன் முதல் பாடத்தில் இருந்ததே நாலு வரிதான். இது என்ன வகை ஆவணம் என்று ஒரு வரி, ஆவணம் தொடங்குகிறது என்று ஒரு வரி, ஆவணம் முடிகிறது என்று ஒரு வரி, நடுவில் நாம் விரும்பியது. நான் நடுவில் தண்ணீர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்து ஓட்டினேன். ஒரு முழு வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே அந்த ஒரு சொல். அடியில், நான் கேட்காமலே, பக்க எண் ஒன்று. நான் அடிக்காத ஒன்றை ஓர் இயந்திரம் தானாகப் போட்டுத் தந்தது அதுவே முதல் தடவை. கோபமும் வந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது.

அதன் பிடிவாதங்கள் போகப் போகப் பிடிபட்டன. திறந்த அடைப்புக்குறியை மூட வேண்டும். தொடங்கியதை அதே பெயர் சொல்லி முடிக்க வேண்டும். ஓரிடத்தில் மூட மறந்தால் அந்த இடத்தில் குறை சொல்லாது. எங்கேயோ நாலு பக்கம் தள்ளிப் போய் நின்று, ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு என் மறுமொழிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். முதல் நாட்களில் அந்தக் கேள்விக்குறிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் மின்சாரத்தையே நிறுத்தியிருக்கிறேன். பிறகுதான், ஒரு எக்ஸ் எழுத்தை அடித்தால் விட்டுவிடும் என்று கைநூலில் கண்டேன். சதவீதக் குறியைச் சும்மா போட்டுவிட்டேன், அந்த வரியின் மிச்சம் முழுவதும் அச்சில் காணாமல் போனது. அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பது எழுதுகிறவருக்கான குறிப்பு, அச்சுக்கு உரியதல்ல என்பது அதன் சட்டமாம். மின்வெட்டு வேறு சொல்லாமல் கொள்ளாமல் வரும். பந்திக்கு ஒரு தடவை சேமித்து வைக்கப் பழகினேன்.

சமன்பாடுகள்தான் எனக்கு ஆச்சரியம். அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு பின்னத்தை அடிக்க நான் தாளை அரை வரி ஏற்றி இறக்கிச் சீவனை விடுவேன். இங்கே, இது பின்னம், மேலே இது, கீழே இது என்று சொன்னால் போதும். கோடு தன் நீளத்தைத் தானே அளந்துகொள்ளும். கிரேக்க எழுத்தை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். கணிதம் ஒரு துளியும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் பென்சிலில் எதை எதற்குக் கீழே வைத்தார், எதை எதற்குள் வைத்தார் என்று பார்த்துப் பார்த்து அடித்ததில், அவர் யோசித்த ஒழுங்கு கைக்குத் தெரியத் தொடங்கியது. நீர் தூரத்தைச் சொல்லக் கூடாது, இது என்ன எண்டு சொல்லோணும் என்று அவர் சொன்னது அப்போதுதான் விளங்கியது. விளங்கியதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

அவர் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு அடையாளப் பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் அச்சில் வராது, வேறோர் இடத்தில் அதைக் குறிப்பிடும்போது எண்ணைக் கொண்டுவர மட்டும் உதவும். எண் முதல் ஓட்டத்தில் வராது. அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி தடித்த எழுத்தில் நிற்கும். இன்னொரு தடவை ஓட்டினால் சரியான எண் வந்து உட்காரும். இது தெரியாமல் அரைநாள் பிழை தேடினேன். அப்படித் தேடும்போதுதான் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசல் என்று ஒன்று, கிணற்றடி என்று ஒன்று, எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்கள். நாலாம் அத்தியாயத்தில், எத்தனை பக்கம் போனாலும் தீராமல் நின்ற ஒரு நீளமான சமன்பாட்டுக்கு 'அடங்காது' என்று பெயர் வைத்திருந்தார். அது துறைமுகத்துத் தண்ணீரையா, என்னையா என்று கேட்க வழியில்லை. அன்று வேலையை நிறுத்திவிட்டு நன்றாக அழுதேன். மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அத்தியாயங்களை மேற்பார்வையாளருக்கு அனுப்புவேன், அவர் சிவப்பில் திருத்தி அனுப்புவார். வீட்டில் அச்சுப்பொறி இல்லை. நகரத்தில் பஸ் நிலையத்துக்கு அருகில் கொமினிகேசன் கடை ஒன்றில் அச்சடித்து வருவேன். வழியில் சோதனைச் சாவடியில் ஒருநாள் பொலிஸ்காரர் தாள்களை விரித்தார். கணக்கு என்று கண்டதும் முகத்தைச் சுளித்து, அவசரமாக மடித்துத் திருப்பித் தந்தார். கணக்குக்கு எங்கும் அந்த மரியாதைதான்.

கடைசியில் முழுப் புத்தகத்தையும் அச்சடித்து அனுப்பினேன். மேற்பார்வையாளர் தன்னிடம் இருந்த, கையெழுத்திட்ட உறுதிமொழிப் பக்கங்களை அதற்குள் சேர்த்து, கட்டுவித்து, பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். கணவருக்கு நடந்தது அவருக்குத் தெரியும். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லவில்லை. "முதல்ல புத்தகம் உள்ள போகட்டும்" என்றார். உறுதிமொழியில் இருந்தது என் கணவருடைய கையெழுத்துத்தான். ஆய்வும் அவருடையதுதான். இதில் பொய் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பரீட்சகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிழைகள் சொற்பம் என்றும், வேலை மிகத் தரமானது என்றும் எழுதியிருந்தார்கள். நான் அதை மாமிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மறு கிழமை பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்து இன்னொரு கடிதம் வந்தது. புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில் ஒரு திகதி இருக்கிறது, உறுதிமொழிப் பக்கத்தில் ஒரு வருடத்துக்கும் முந்திய திகதி இருக்கிறது. எழுதி முடிக்க முன் எப்படி உறுதிமொழி கொடுக்கப்பட்டது? பரீட்சார்த்தி நேரில் வந்து விளக்கமளித்து, புதிதாகக் கையெழுத்திட வேண்டும்.

எங்கே பிழைத்தது என்று கோப்பைத் திறந்து தேடினேன். இரண்டு பக்கத்திலும் திகதி வரவேண்டிய இடத்தில் அவர் திகதியை அடிக்கவில்லை. இன்றைய நாள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை, பின்சாய்ந்த கோட்டோடு, ஒரு கட்டளையாக எழுதியிருந்தார். ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் கணினி அன்றைய திகதியை எடுத்து அங்கே போடும். அவர் கையெழுத்துப் பக்கத்தை அச்சடித்தபோது அது அந்த நாளைப் போட்டது. நான் புத்தகத்தை அச்சடித்தபோது அந்த நாளைப் போட்டது. ஒரு எழுத்துப்பிழை விடாமல் இருநூறு பக்கம் சரிபார்த்த எனக்கு, முதல் பக்கத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. தட்டச்சாளர் திகதியைச் சந்தேகிப்பதில்லை. அது அவள் தன் கையால் அடிப்பது.

மேற்பார்வையாளரோடு நானே போனேன். அந்த அலுவலகத்தின் உதவிப் பதிவாளர் என் வயதுள்ள ஒரு பெண்மணி. ஆங்கிலத்தில் கதைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். வேலை உங்கள் கணவருடையது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை, இதற்கு வழி இருக்கிறது என்றார். காணாமல் போய் ஒரு வருடம் கடந்தவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். அதைக் கொண்டுவந்து கொடுத்தால், மறைந்தவருக்கு வழங்கும் முறைப்படி பட்டத்தை வழங்கிவிடுவோம். விழாவில் பெயரை வாசிப்போம், நீங்கள் வந்து பெற்றுக்கொள்ளலாம். சான்றிதழ் இல்லாவிட்டால் வருட முடிவுக்குள் அவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், பதிவு அதோடு முடிகிறது. அவர் மெல்லத்தான் சொன்னார். தன்னால் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து, சொல்லியிருந்த திருத்தங்கள் எல்லாவற்றையும் செய்தேன். முகப்பில் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டு, அவர் கையெழுத்து வைத்த நாளின் திகதியை என் கையால் அடித்தேன். சான்றிதழைத் தவிர எல்லாம் தயார்.

மாமியிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. மகன் இல்லை என்று ஒரு தாளில் எழுதுவதற்கு அந்த மனுசி உயிர் போனாலும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நினைத்தேன். அவர் மறுத்தால் அவரோடு சண்டை பிடிக்க வேண்டிவரும், அந்தச் சண்டையில் நான் நம்பிக்கை இழந்தது வெளியே வந்துவிடும். இரண்டு நாள் தள்ளிப்போட்டு, ஒரு காலை அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். துருவுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தச் சேட்டிபிக்கட்டைக் குடுத்தா அவன்ர புத்தகத்தை எடுப்பினமோ?"

"ஓம் மாமி."

"பட்டமும் குடுப்பினமோ?"

"குடுப்பினம். சபையில பேரும் வாசிப்பினமாம்."

"அப்ப எடுத்துக் குடு பிள்ளை."

நான் அவர் பக்கத்தில் குந்தினேன்.

"மாமி, அதில என்ன எழுதியிருக்கும் எண்டு தெரியுமோ?"

"ஏன் தெரியாது? செத்துப்போனான் எண்டு எழுதியிருக்கும். எழுதட்டுமன். பேப்பர்தானே." அரைத் தேங்காயைத் திருப்பிப் பிடித்தார். "அவன் வந்த உடன கூட்டிக்கொண்டு போய்க் காட்டி அதை வெட்டுவிப்பம். உயிரோட முன்னுக்கு நிக்கிற மனிசனைச் செத்தவன் எண்டு ஆர் சொல்ல ஏலும்? அவன் அவ்வளவு பாடுபட்டுப் படிச்சது வீணாப் போகக் கூடாது. நான் எங்க கையெழுத்து வைக்கோணும் எண்டு காட்டு, வைக்கிறன்."

அடுத்த நாள் அலுவலகத்தில் மரணச் சான்றிதழுக்கான விண்ணப்பப் படிவத்தை எடுத்து, படிவங்களுக்கென்று இன்னும் வைத்திருந்த பழைய தட்டச்சு இயந்திரத்தில் செருகினேன். எத்தனையோ பேருக்கு அதை நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்கள் மேசைக்கு அப்பால் நின்று விம்மும்போதும் என் விரல்கள் பிழை விட்டதில்லை. அவருடைய பெயரை அடித்தேன். பிறந்த நாளை அடித்தேன். விலாசத்தை அடித்தேன். அடுத்த கட்டத்தில், இந்த நாளுக்குப் பிறகு இவர் உயிருடன் இருப்பதாக எவரும் கேள்விப்படவில்லை என்ற வசனத்துக்கு முன்னால் நாளைப் போட வேண்டும். கை வைக்க ஏலவில்லை. பிறகு தாளை உருவி எடுத்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தேன். இன்னொரு நாள் அடிக்கலாம் என்று நினைத்தேன். இன்னொரு நாளும் ஏலவில்லை.

மாமிக்கு அவர் உயிரோடு இருந்தார். ஆகவே அந்தத் தாளில் எழுதியிருப்பது பொய். பிள்ளையின் படிப்புக்காக ஒரு பொய்யில் கையெழுத்து வைப்பது எந்தத் தாய்க்கும் பெரிய காரியமல்ல. எனக்கு அது பொய்யாக இருக்கவில்லை. நான் அடித்தால் அதை வெட்டுவிக்க ஒருவரும் வரப்போவதில்லை. நம்பிக்கை என்னிடம் இல்லை என்றுதான் அவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். அந்தக் கட்டத்துக்கு முன்னால் இருந்தபோது, அது துளியாவது எங்கோ கிடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கை ஏன் அங்கே நின்றது என்று யோசித்தேன். இன்றும் எனக்கு மறுமொழி தெரியாது. பயமாகவும் இருந்திருக்கலாம்.

மாமி கிழமைக்கு ஒரு தடவை, "பேப்பர் வந்திட்டுதோ பிள்ளை?" என்று கேட்பார். கந்தோரில் இழுத்தடிக்கினம் என்று சொல்வேன். மேற்பார்வையாளரும் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தார். உதவிப் பதிவாளர் தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். மார்கழி மழையோடு வருடம் முடிந்தது. பதிவு காலாவதியாகிவிட்டது என்று அறிவித்த கடிதத்தை மாமிக்கு வாசித்தபோது, அவர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. "சரி, போகட்டும். அவன் வந்து திரும்பப் பதியட்டும்" என்றார். இரவுச் சோற்றுக்கு அரிசி களையப் போய்விட்டார்.

என் கணவர் எழுதிய புத்தகத்தில் இன்று ஒரு பிழையும் இல்லை. பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் வருவார் என்று கடைசி மூச்சுவரை நம்பியிருந்த தாய் அதை வாங்கிக் கொடுக்கச் சொன்னார். வரமாட்டார் என்று தெரிந்த நான்தான் விடவில்லை.